மார்கழியிலும் வரும் தவணை

கும்பகோணத்திலிருந்து ஒரு திருமணப் புகைப்படக் கலைஞர் எழுதுகிறார்: "வயது 34. ஆண்டுக்குச் சுமார் 30 திருமணங்கள் எடுக்கிறேன். உதவியாளர் சம்பளம், ஆல்பம், போக்குவரத்து எல்லாம் போக ஒரு திருமணத்துக்கு 16,000 ரூபாய் நிற்கும். சோனி ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருக்கிறேன். லென்ஸ் அதனுடன் வந்த 28-70 தான். சோனியின் உயர்தர லென்ஸான 24-70 எஃப் 2.8 ஜிஎம் இரண்டாம் பதிப்பு வாங்க நினைக்கிறேன். கடையில் 2 லட்சம் சொல்கிறார்கள், 18 மாத நோ-காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை, உண்டு. டாம்ரான் என்ற வேறு நிறுவனத்தின் 28-75 எஃப் 2.8 என்றால் 75,000. கம்பெனி லென்ஸ் இல்லாமல் பெரிய ஆர்டர் வராது, தங்கையின் சங்கிலியை அடகு வைத்தாவது வாங்குங்கள் என்கிறார் மைத்துனர். ஏற்கெனவே கேமராவுக்கு 8,200, லேப்டாப்புக்கு 5,400, வீடியோ ஆடாமல் பிடிக்கும் கிம்பலுக்கு 3,900 தவணை போகிறது. அவை முடிய முறையே 14, 4, 6 மாதங்கள் உள்ளன. வீட்டுச் செலவு 24,000. மனைவியின் வளையல்கள் 1,20,000 ரூபாய்க்கு அடகில் உள்ளன. இரண்டு ஆண்டுகளாக 12 சதவீத வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறேன். எந்த லென்ஸ் வாங்கலாம்?"

லென்ஸைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தேவை நியாயமானது. இப்போதுள்ள லென்ஸை 70க்குத் திருப்பினால் வெளிச்சம் நுழையும் துளை எஃப் 5.6க்குச் சுருங்கிவிடுகிறது; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். எஃப் 2.8 லென்ஸ் அதே இடத்தில் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இரவு வரவேற்பில், மேடை விளக்கு மட்டும் எரியும் மண்டபத்தில், இந்த வேறுபாடு ஆல்பத்தில் கண்கூடாகத் தெரியும். ஆனால் அந்த நான்கு மடங்கை டாம்ரானும் தருகிறது. எடையிலும் அது 540 கிராம்தான். ஜிஎம் 695 கிராம். சோனி 2011இலேயே தன் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையமான இ-மவுண்டின் விவரங்களை மற்ற லென்ஸ் நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. டாம்ரான் நிறுவனத்தில் சோனியே கணிசமான பங்கும் வைத்திருக்கிறது. ஆகவே அதை ஏதோ போலிச் சரக்கு போலப் பேசுவது சரியல்ல. கேனானின் ஆர்எஃப் வகைக் கேமரா வைத்திருப்பவருக்கு நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அங்கே சிக்மா, டாம்ரான் போன்ற பிற லென்ஸ் நிறுவனங்களுக்கு 2024இல்தான் கதவு திறந்தது, அதுவும் சிறிய சென்சார் கேமராக்களுக்கான லென்ஸ்களுக்கு.

குறை இல்லாமல் இல்லை. சோனியின் அதிவேக கேமராக்களில் பிற நிறுவன லென்ஸைப் பொருத்தினால் நொடிக்கு 15 படங்களுக்கு மேல் எடுக்க முடியாது. தாலி கட்டும் தருணத்துக்கு அதுவே தாராளம். உங்களை உண்மையில் உறுத்தப்போவது 24க்கும் 28க்கும் உள்ள இடைவெளி; அந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும். மேடைக்கு முன்னால் வீடியோக்காரர் நிற்க, பின்னால் முதல் வரிசை நாற்காலி காலில் இடிக்க, பெண் வீட்டார் 20 பேரும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று நிற்பார்கள். அப்போது அந்த நான்கு மில்லிமீட்டர் இல்லாதது தெரியும். ஆனால் இப்போதும் நீங்கள் 28ஐ வைத்துத்தான் சமாளித்து வருகிறீர்கள். அந்தச் சிறு வசதிக்காக 1,25,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். உங்களை நோகடிப்பது லென்ஸ் இல்லை. மாதாமாதம் வராத வருமானத்தின் மீது மாதாமாதம் வரும் தவணைகளை ஏற்றிக்கொண்டே போகும் பழக்கம். ஆண்டு வருமானம் 4,80,000. சராசரியாக மாதம் 40,000. வீட்டுச் செலவும் தவணைகளும் சேர்ந்து 41,500. பார்வைக்கு 1,500 ரூபாய்தான் துண்டு விழுகிறது. ஆனால் ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாதமும் முகூர்த்தம் கிடையாது, தவணை மட்டும் தவறாமல் உண்டு. அந்த மூன்று மாதத்துக்கு உங்களுக்கு 1,24,500 ரூபாய் தேவைப்படுகிறது. அடகுத் தொகையை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்: 1,20,000. வளையல்கள் போன வழி இதுதான் என்று நினைக்கிறேன்.

நோ-காஸ்ட் என்ற சொல்லை நம்ப வேண்டாம் என்று இந்தப் பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியும் 2013இல் சொல்லிவிட்டது. 18 மாதத்துக்கு வட்டி விகிதம் 15, 16 சதவீதம் என்று வைத்தால், உங்கள் 2 லட்சத்துக்குள் சுமார் 22,500 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கும். அதைத் தள்ளுபடியாகக் காட்டினாலும், கிரெடிட் கார்டு வழியான தவணை என்றால் வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 4,000 ரூபாய், உங்கள் தலையில்தான் விழும். ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் குறைத்திருக்கக்கூடிய தொகையையும் இழப்பீர்கள்.

18 மாதத்துக்கு இரண்டு விதமாகவும் கூட்டிப் பார்த்தேன். புதிய தவணை எதுவும் எடுக்காவிட்டால், பழைய தவணைகள் ஒவ்வொன்றாக முடிய முடிய, முதல் மாதங்களின் பற்றாக்குறையைக் கழித்தும் சுமார் 1,28,000 ரூபாய் மிஞ்சும். அடகு வட்டி 21,600 போனால் 1,06,000. வளையல்களை மீட்க ஏறக்குறைய 14,000தான் குறையும். ஜிஎம் லென்ஸை எடுத்தாலோ மாதம் 11,100 கூடுதல். அதே 18 மாத முடிவில் 94,000 ரூபாய் பள்ளத்தில் இருப்பீர்கள், அடகு 2,14,000 ஆகியிருக்கும். அதற்குத்தான் அந்தச் சங்கிலி கேட்கப்படுகிறது.

ஆகவே இப்போது எந்த லென்ஸும் வாங்க வேண்டாம், டாம்ரான் உட்பட. இரவு வரவேற்பு உள்ள ஆர்டர்களுக்கு மட்டும் எஃப் 2.8 லென்ஸை நாள் வாடகைக்கு எடுங்கள்; அந்த வாடகையை விலை சொல்லும்போதே சேர்த்துச் சொல்லுங்கள். மேசை விரிப்பு முதல் ஜெனரேட்டர் வரை வாடகை கொடுக்கும் திருமண வீட்டார் இதற்கு மறுப்புச் சொல்வது அரிது. மைத்துனரின் பேச்சையும் அதே சாக்கில் சோதித்துவிடலாம்: ஜிஎம்மையே வாடகைக்கு எடுத்து நான்கு திருமணம் எடுங்கள், எந்த ஆர்டராவது அந்தப் பெயரைக் கேட்டு வந்ததா என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு திருமணப் பணம் வந்த அன்றே 3,500 ரூபாயைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். 30 திருமணத்துக்கு 1,05,000. லேப்டாப்பும் கிம்பலும் முடிந்தபின் உங்கள் மாதச் செலவு 32,200தான். முகூர்த்தம் இல்லாத மூன்று மாதத்துக்கு 96,600 போதும். ஏடிஎம் அட்டை இல்லாத கணக்காக இருந்தால் இன்னும் நல்லது.

கேமரா தவணை முடிந்ததும் மாதம் 16,000 மிஞ்சும். வளையல்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஐந்து மாதம் சேர்த்தால் டாம்ரானை ரொக்கமாகவே வாங்கலாம். இந்திய வாரண்டியுடன் வாங்குங்கள். வெளிநாட்டுச் சரக்கு சில ஆயிரம் குறைவாகக் கிடைத்தாலும் பழுதானால் கையைக் கடிக்கும். வாங்கும் கடையிலேயே ஒரு செய்தித்தாளைச் சுவரில் விரித்து ஒட்டி, எஃப் 2.8இல் படம் எடுத்து, நான்கு மூலை எழுத்துகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் வேறு லென்ஸ் கேளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடகு வைத்த இடத்துக்குப் போய், வட்டியோடு அசலிலும் பகுதி கட்ட முடியுமா, அதற்கேற்ப ஒரு வளையலையாவது முன்கூட்டியே விடுவிப்பார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் கையில் மிஞ்சும் முதல் 5,000 ரூபாயே அங்கே போகட்டும்.