எல்லாருக்கும் எட்டும் நூல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாசிப்பு, நூலகம், பார்வையற்றோருக்கான நூல்கள் ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு, கிளை நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் பத்தியாளர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். வாய் ஓயாமல் பேசுகிறான். ஆனால் கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டு வரி படித்துவிட்டு மூடிவிடுகிறான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வாசிப்பதால் பிள்ளைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? என்னைப் போன்றவளால் அவனுக்கு உதவ முடியுமா?
— இல்லத்தரசி, திண்டுக்கல்

நன்றாகப் பேசும் பிள்ளை படிக்கத் தடுமாறுவது தமிழ்நாட்டில் பல வீடுகளில் நடப்பதுதான்; அது அவனுடைய அறிவுக் குறைவு அன்று. நாம் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. வீட்டில் 'அப்பா வந்துட்டாங்களா?' என்று கேட்கும் பிள்ளை, புத்தகத்தைத் திறந்ததும் 'தந்தை வந்துவிட்டாரா?' என்ற வரியைச் சந்திக்கிறான். எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிட்டாலும், அந்த வாக்கியத்தின் ஓசை அவன் காதுக்குப் பழக்கமில்லாததால், பொருள் உடனே மனத்தில் ஏறுவதில்லை. இரண்டு வரியில் அவன் களைத்துப் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

வாசிப்பின் முதல் பயனும் இங்கேதான் இருக்கிறது. பாடநூல், வங்கிப் படிவம், மருந்துச் சீட்டுடன் வரும் குறிப்பு, நிலப் பத்திரம், அரசாணை என்று வளர்ந்தபின் அவன் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் எல்லாமே எழுத்துத் தமிழில்தான் வரும். கதைகளின் வழியே அந்தத் தமிழைச் சிறு வயதில் உரிமையாக்கிக் கொண்டவன் ஆறாம் வகுப்பில் அறிவியல் பாடத்தைப் படிக்கும்போது, பாடத்தோடு மட்டும் போராடினால் போதும். மொழியோடும் சேர்த்துப் போராட வேண்டியதில்லை.

உங்களால் உதவ முடியும். இரவில் பத்து நிமிடம், அவனைப் படிக்கச் சொல்லாமல் நீங்களே உரக்கப் படியுங்கள். 'சென்றான்' என்பதைப் படித்துவிட்டு 'போனான்' என்று பேச்சிலும் ஒரு முறை சொல்லுங்கள். எழுத்துத் தமிழ் முதலில் காதுக்குப் பழகட்டும். கண் பிறகு பின்தொடரும். படித்து முடித்ததும் கேள்வி கேட்டுத் தேர்வு வைக்காதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து மெல்லிய கதைப் புத்தகங்கள் வந்துள்ளன. பள்ளியில் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்துக்குச் சில வரிகளே கொண்ட அந்தப் புத்தகங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, படிப்பு விட்டுப்போன பெரியவர்களுக்கும் ஏற்றவை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிந்த பெண்களில் பலர், அடுத்துப் படிக்கப் பொருத்தமான நூல் கைக்கு வராததாலேயே கற்றதை மறந்தார்கள். எழுதத் தெரிந்தவருக்கு அடுத்த நாளே ஒரு நூல் கிடைக்க வேண்டும்.

ஒலிநூலைக் கேட்பது வாசிப்பு ஆகுமா? என் மாணவர்கள் கேட்டார்கள். என்னால் தெளிவாகப் பதில் சொல்ல இயலவில்லை.
— கல்லூரி ஆசிரியை, கும்பகோணம்

கதையையும் கருத்தையும் உள்வாங்குவதற்குக் கேட்பது போதும். அதைக் குறைந்த வாசிப்பாக நான் கருதவில்லை. நம் ஊர்களில் ஒருவர் படிக்கப் பலர் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் நெடியது. ஆனால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. 'பனி', 'பணி' இரண்டும், 'அரம்', 'அறம்' இரண்டும், இன்றைய பேச்சில் பெரும்பாலோர் வாயில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ழகரத்தைச் சரியாக ஒலிக்காதவர் படித்த ஒலிநூலில் மழையும் மலையும் கலந்துவிடும். பார்வையுள்ளவருக்கு இது பெரிய இழப்பு அன்று, அவர் கண்ணால் வேறெங்கேனும் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொள்வார். பிறவியிலிருந்தே பார்வையற்ற பிள்ளை கேட்டு மட்டுமே வளர்ந்தால், சொல் எந்த எழுத்துகளால் ஆனது என்பதை அறிய அதற்கு வேறு வழியே இல்லை.

விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்து இன்றும் தேவைப்படுவது இதனால்தான். பிரான்சில் 1809இல் பிறந்து சிறு வயதிலேயே பார்வை இழந்த லூயி பிரெயில், பதினைந்தாம் வயதில் வகுத்த முறை அது. ஆறு புள்ளிகள், அவற்றிலிருந்து 63 வடிவங்கள். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. அதில் லகர, ளகர, ழகரங்களுக்குத் தனித்தனி வடிவம் உண்டு என்பதால், விரல் தொட்ட கணத்தில் எது மழை, எது மலை என்பது தெரிந்துவிடும். அச்சில் கொம்பும் காலுமாக இருபுறமும் விரியும் 'கொ' என்ற எழுத்து, பிரெயிலில் ககரமும் அதை அடுத்து ஒகரமுமாக நேராக நிற்கிறது. பார்வையற்ற மாணவி ஒருத்தி இதை எனக்கு விளக்கியபோது, நம் எழுத்து முறையைப் பற்றி நான் புதிதாக ஒன்று கற்றுக்கொண்டேன்.

பிரெயிலின் குறை அதன் பருமன். தடித்த தாளில் புள்ளிகளை எழுப்ப வேண்டியிருப்பதால், ஒரு கைக்கு அடங்கும் அச்சு நூல் பல பெருந்தொகுதிகளாகிவிடுகிறது. ஆகவே பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெயிலும் வேண்டும், ஒலியும் வேண்டும், கணினியும் வேண்டும்.

என் தங்கைக்குப் பார்வை இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். விலை கொடுத்து வாங்கிய இரண்டு பிடிஎஃப் நூல்களைக் கைப்பேசியில் திறந்தோம். ஒன்று எதுவுமே பேசவில்லை. இன்னொன்று ஆங்கில எழுத்துகளாக உளறுகிறது. கைப்பேசியில் கோளாறா? நாங்களே அந்த நூலைத் தட்டச்சு செய்து கொடுத்தால் சட்டப்படி குற்றமா?
— தனியார் நிறுவன ஊழியர், திருநெல்வேலி

கைப்பேசியில் கோளாறு இல்லை. குறை அந்தக் கோப்புகளில் உள்ளது.

எதுவும் பேசாத கோப்பு, பக்கங்களைப் படம் பிடித்துத் தொகுத்தது. அதில் எழுத்தே கிடையாது, எழுத்தின் படம்தான் இருக்கிறது. திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் செயலியான திரைபடிப்பானுக்கு அது வெற்றுத் தாள். உளறும் கோப்பின் கதை வேறு. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான கணினி எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு வருவதற்கு முன், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களைக் கொண்டுதான் தமிழ் நூல்களைப் பக்கம் அமைத்தார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அச்சாக வேண்டுமானால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும். கண்ணுக்குத் திரையில் 'அம்மா' என்றே தெரியும். ஆனால் கோப்பின் உள்ளே இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தாம். உங்கள் தங்கையின் கைப்பேசி கோப்பில் உள்ளதை உள்ளபடி படித்திருக்கிறது. பார்வையுள்ள நாம் இத்தனை ஆண்டுகளாக இப்படி ஒரு குறை இருப்பதையே கவனிக்காமல் அந்த நூல்களைப் படித்து வந்திருக்கிறோம் என்பதை நினைக்கையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

யூனிகோடில் தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் உண்டு. எழுத்துருவை மாற்றினாலும் 'அ' என்பது 'அ'வாகவே இருக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆயினும் அச்சுக்குப் பக்கம் அமைக்கும் இடங்களில் பழைய எழுத்துருக்கள் பல்லாண்டுகள் நீடித்தன. அதற்கு முன் வந்த நூல்களின் கோப்புகளோ அப்படியே கிடக்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. உளறும் கோப்பின் எழுத்துரு எதுவென்று தெரிந்துகொண்டால், அதை யூனிகோடாக மாற்றும் இலவசச் செயலிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றம் பெரும்பாலும் பிழையின்றி அமையும். படமாக உள்ள நூலுக்கு எழுத்துணரி வேண்டும். கூகுள் டிரைவில் அந்தக் கோப்பை ஏற்றி, ஆவணமாகத் திறந்தால் எழுத்துகளைப் பிரித்துத் தரும். ஆனால் அதை ஒருவர் உட்கார்ந்து ஒப்புநோக்கியே தீர வேண்டும், ஏனெனில் ரகரத்தையும் துணைக்காலையும் எழுத்துணரி அடிக்கடி குழப்பிக்கொள்ளும். தேர்வுக்கான நூலில் ஆண்டும் எண்ணும் பிழையாக இருந்தால் உழைப்பு வீணாகிவிடும் என்பதால் எண்களை இருமுறை பாருங்கள். கணினியில் படிக்க என்விடிஏ என்ற திரைபடிப்பான் முற்றிலும் இலவசம், தமிழையும் படிக்கும்.

சட்டத்தைப் பற்றி அச்சம் வேண்டா. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்காக ஒரு நூலை அவருக்கு ஏற்ற வடிவில் படியெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. இலாப நோக்கு இருக்கக் கூடாது. அந்தப் படி வணிகத்துக்குள் போய்விடக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. தங்கைக்காக நீங்கள் செய்த படியை அவளைப் போன்ற இன்னொரு மாணவருக்கும் கொடுக்கலாம்.

இதே நோக்கத்துடன் 2013இல் மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று உருவானது. அதற்கு 2014இல் முதலில் ஏற்புறுதி அளித்த நாடு இந்தியா. சிங்கப்பூரும் இலங்கையும் பின்னர் இணைந்தன. எனவே அங்கே உருவான தமிழ் ஒலிநூல் இங்குள்ள பார்வையற்றவருக்கும், இங்கே உருவானது அங்குள்ளவருக்கும் எல்லை தாண்டிச் செல்ல வழி திறந்திருக்கிறது. 2016இல் தொடங்கப்பட்ட சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். இலக்கியப் பகுதிக்கு, 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பில் சங்க நூல்கள் முதல் பாரதியார் வரை யூனிகோடில் உள்ளன; அவற்றை உங்கள் தங்கை இன்றே படிக்கலாம்.

ஆண்டுக்குப் பத்து நூல்கள் மட்டுமே வெளியிடும் சிறு பதிப்பாளன் நான். பார்வையற்ற வாசகர்கள் மின்கோப்பு கேட்டு எழுதுகிறார்கள். கொடுத்தால் திருட்டுப் பதிப்பு வந்துவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது, செலவும் கூடுமே?
— பதிப்பாளர், கோயம்புத்தூர்

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நூல் திருட்டால் சிறு பதிப்பாளர்கள் படும் பாட்டை அறிந்தவன் நான். ஆயினும், திருடுபவருக்கு உங்கள் மின்கோப்பு தேவையில்லை. கடையில் ஒரு படியை வாங்கி, கைப்பேசியால் படம் பிடித்து, அன்று மாலையே பரப்பிவிடுகிறார். கதவை அடைத்ததால் வெளியே நிற்பவர், விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தும் படிக்க முடியாத அந்த வாசகர் மட்டுமே. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் படியைப் பெற்றுக்கொண்டு, நூலுக்குரிய விலையையும் வாங்கிக்கொண்டு கோப்பை அனுப்புங்கள். அவர்கள் யாரும் இலவசமாகக் கேட்கவில்லை.

செலவு, பழைய நூல்களுக்குத்தான் கூடும். புதிய நூலைத் தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்து, தலைப்பைப் பெரிய எழுத்தாக மட்டும் காட்டாமல், தலைப்பு என்றே குறித்து, இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவில் சேமித்தால் போதும். அப்படிக் குறித்த நூலில் திரைபடிப்பான் ஒரு விசையில் மூன்றாம் இயலுக்குத் தாவும். குறிக்காத நூலில் முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே போக வேண்டும். வரைபடம் இருந்தால் அது என்ன காட்டுகிறது என்று நான்கு வரி எழுதிச் சேருங்கள். 'சோழ நாட்டின் வரைபடம்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. காவிரி எந்தத் திசையில் பாய்கிறது, தஞ்சைக்கும் நாகைக்கும் இடையே என்ன ஊர்கள் என்று எழுதினால், பார்வையற்றவருக்கு அந்தப் பக்கம் உயிர்பெறும்.

எங்கள் ஊர்க் கிளை நூலகம் மாடியில் இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி. என் வயதொத்த பலரும் படியேற முடியாமல் நூலகத்தை விட்டுவிட்டோம். யாரிடம் முறையிடுவது?
— ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், மன்னார்குடி அருகில்

நீங்கள் கேட்பது சலுகை அன்று. தமிழ்நாட்டில் நாம் கட்டும் சொத்து வரியுடன் நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. அதற்காக நெடுங்காலம் உழைத்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. அதே 1931இல்தான் உங்கள் மன்னார்குடிப் பகுதியில், மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்ற நடமாடும் நூலகம் தொடங்கியது. வாசகர் வர முடியாவிட்டால் நூல் போக வேண்டும் என்பதை அன்றே செய்து காட்டிய மண் அது.

மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்கள் அனைவரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது; அதைக் குறிப்பிடுங்கள். எத்தனை பேர் படியேற முடியாமல் நின்றுவிட்டார்கள் என்று எண்ணி, கையொப்பமும் வாங்கிச் சேருங்கள். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துவிட்டது. பெருமைதான். ஆனால் முழங்கால் வலியோடு ஒருவர் நாளிதழ் படிக்க மதுரைக்குப் போக முடியாது.

கட்டடம் மாறும்வரை நூலகரிடம் ஒரு வழி கேட்டுப் பாருங்கள். நான் பணியாற்றிய நூலகங்களில் ஒன்றும் மாடியில்தான் இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கீழே வந்து மிதிவண்டி மணியை இரண்டு முறை அடிப்பார். கிணற்றுக் கயிற்றில் கட்டிய துணிப்பையில் நூல்களை வைத்துச் சன்னல் வழியே இறக்குவேன். கயிற்றை மேலே இழுத்தால், பையில் முந்தைய வாரத்து நூல்களும், அடுத்து வேண்டிய நூல்களின் பெயர்களைத் திருத்தமான கையெழுத்தில் எழுதிய துண்டுச் சீட்டும் இருக்கும்.