அஞ்சாவது ஆளின் டியூ

அன்புள்ள ஐயா,

நான் பொருளாதார முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. கொரோனா ஊரடங்கு சிறுதொழில் செய்யும் பெண்களை எப்படிப் பாதித்தது என்று ஆய்வேடு எழுதப்போகிறேன். குழுக் கடனைக் கட்ட முடியாமல் போனதற்கு முக்கியக் காரணம் நிதி அறிவு இல்லாததுதான் என்பது என் கருதுகோள். ஆறு மாதம் தவணையைத் தள்ளி வைத்தும் பலர் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. நிவாரணமாக வந்த ஆயிரம் ரூபாயும் டாஸ்மாக்குக்குத்தான் போனது என்கிறார்கள். “இத்தனை வருஷம் கழித்து இது எதற்கு?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எதைப் படிக்கலாம், கேள்வித்தாளை எப்படி அமைக்கலாம் என்று சொல்வீர்களா?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள மகளுக்கு,

என் மகள் வயதுதான் இருக்கும் உனக்கு, அதனால் ஒருமையிலேயே எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் தெரு இட்லிக்கடை அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு வெகுநேரம் 2020-ஐத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாஸ்மாக் வரியை முதலில் அடித்துவிடு. ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாய் கொடுத்தது 2020 ஏப்ரலில். மதுக்கடைகள் அப்போது மூடிக்கிடந்தன. மே 7-ஆம் தேதிதான் மறுபடி திறந்தார்கள். யாரோ சொன்னதை ஆய்வேட்டில் ஏற்றாதே. உன் நண்பர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தையும் வீணாக்காதே.

நிதி அறிவு என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னைச் சுட்டது. அக்காவுக்கு உளுந்து கிலோவுக்கு அஞ்சு ரூபாய் ஏறினால் ஒரு இட்லியில் எத்தனை பைசா போகும் என்று தெரியும். எந்தச் சீட்டை எந்த மாதம் எடுத்தால் தள்ளு கம்மி என்று தெரியும். எதை அடகு வைத்தால் எந்த மாதத்துக்குள் மீட்க முடியும் என்று தெரியும். மாதச் சம்பளம் வாங்குகிற நமக்கு இதில் பாதிகூடத் தெரியாது. வருமானம் நின்றுபோனவரைப் பார்த்துக் கணக்குத் தெரியாதவர் என்று எழுதாதே அம்மா. அது பெரிய அநியாயம்.

ஆறு மாதத் தள்ளிவைப்பின் கதையைக் கேள். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று அறிவித்தது என்ன? தவணையை மூன்று மாதம் தள்ளிவைக்கக் கடன் கொடுத்தவர்களுக்கு அனுமதி. கட்டாயம் இல்லை, அனுமதிதான். பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டினார்கள். தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது. 25,000 ரூபாய் பாக்கி, வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம் என்று வைத்துக்கொள். ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 3,000. வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று வழக்கு நடந்து, 2021 மார்ச் 23-இல் உச்ச நீதிமன்றம் அப்படியே தீர்ப்புச் சொன்னது. வட்டியை முழுதாகத் தள்ளுபடி செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டது. மேலே சொன்ன கடனில் வட்டிக்கு வட்டி எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன், 154 ரூபாய். அந்த 3,000 அப்படியே நின்றது. வட்டி ஓடும் என்று தெரிந்துதான் பல பெண்கள் தள்ளிவைப்பு வேண்டாம் என்றார்கள். அதையா அறியாமை என்கிறாய்?

இன்னொன்று. சுய உதவிக் குழுவையும் தனியார் குழு லோனையும் ஒன்றாகக் கட்டிவிடாதே. முதலாவது தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கியது. அதில் பெண்கள் முதலில் சேமிப்பார்கள், பிறகுதான் கடன். இரண்டாவதில் சேமிப்பு கிடையாது. ஒருவருக்கொருவர் ஜாமீன், அவ்வளவுதான். ஐந்து பேர் சேர்ந்து ஒருவர்மேல் ஒருவர் கண் வைத்துக்கொள்ளும் இந்த முறை வங்கதேசத்து கிராமின் வங்கியால் உலகமெல்லாம் பரவியது. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் நாலு பேர் தாங்குவார்கள். அதுவரை சரி. ஐந்து பேரும் ஒரே நாளில் விழுந்தால்?

எங்கள் தெருவில் அப்படித்தான் விழுந்தார்கள். அக்கா கிரைண்டரும் அடுப்பும் வாங்க 30,000 எடுத்திருந்தார். வாரம் 650 டியூ, ஒரு வருஷம். குழுவில் ஒரு தையல்காரம்மா, ஜவுளிக் கம்பெனியில் துணி மடிக்கிற இரண்டு பேர், எதிர்வீட்டில் குடியிருக்கும் ஐந்தாவது பெண். அவர் பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர். நோய் பயத்தில் அந்த வீடுகள் அவரை வரவே வேண்டாம் என்றுவிட்டன.

ஜூன் மாதம் வசூலுக்கு வந்துவிட்டார்கள். வந்தவனும் சின்னப் பையன்தான். “கலெக்‌ஷன் காட்டாம ஆபீஸ் போக முடியாதுக்கா” என்று பிளாஸ்டிக் நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். ஐந்தாவது ஆளின் டியூவை மற்ற நாலு பேரும் ஆளுக்கு 160 சொச்சம் போட்டுக் கட்டினார்கள். மறுவாரமும் கட்டினார்கள். மூன்றாவது வாரம் நாலு பேரும் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார்கள். நான் மாடியில் இருந்தேன். அந்த வீட்டுக் குழந்தை கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். “புள்ளைக்கு பிஸ்கட் வாங்க மட்டும் காசு இருக்கா உனக்கு?” என்று கேட்டது எங்கள் அக்காதான். யாருக்கும் இரண்டு இட்லி கூடுதலாக வைக்காமல் பொட்டலம் கட்டத் தெரியாதவர். கேட்டவருக்கும் முகம் செத்துப்போயிற்று, கேட்கப்பட்டவருக்கும். நான் இறங்கிப் போயிருக்கலாம், 650 ரூபாய் என்னிடம் இருந்தது. போகவில்லை.

அந்த வாரம் அக்கா தோட்டை அடகு வைத்துத்தான் எதிர்வீட்டுப் பெண்ணின் பங்கையும் சேர்த்துக் கட்டினார். அது தனியார் அடகுக் கடை. அரசு பிறகு 5 பவுன் வரை நகைக் கடனைத் தள்ளுபடி செய்தபோது அது கூட்டுறவு வங்கிகளில் வைத்த நகைக்குத்தான். அதற்குள் தோடு முழுகியிருந்தது.

முன்பெல்லாம் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் கைமாத்து ஓடிக்கொண்டே இருக்கும். இருநூறு, ஐநூறு, ஒரு படி அரிசி. எழுதி வைக்காத கணக்கு, வட்டி இல்லாத பணம். காலங்காலமாக ஏழைத் தெருக்களைக் காப்பாற்றியது அதுதான். குழு லோன் அந்த நம்பிக்கையையே ஜாமீனாக வாங்கிக்கொண்டது. ஊரடங்கில் அதையும் ஏலம் விட்டுவிட்டது. எந்த நிவாரணப் பட்டியலிலும் இந்த இழப்புக்கு ஒரு வரி கிடையாது.

கேள்வித்தாள் கேட்டிருந்தாய். “தவணைத் தள்ளிவைப்பு பற்றி அறிவீர்களா, ஆம், இல்லை” என்று கேட்காதே. அந்த வருஷத்துக்கு முன்னால் கைமாத்துக்கு யார் வீட்டுக்குப் போவீர்கள், இப்போதும் போவீர்களா என்று கேள். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வார்கள். காத்திரு. புத்தகங்கள் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பத்திரிகை விஷயத்தைச் சொல்லவில்லையே. அன்று அக்கா என்னிடம் இரண்டு பத்திரிகை கொடுத்தார். ஒன்று எனக்கு. இன்னொன்றில் எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர், நாலு மூலையிலும் மஞ்சள். “நீங்க குடுத்துருங்க தம்பி, நான் எந்த முகத்தோட போவேன்” என்றார். வேறு ஆள் கொண்டுபோய் வைக்கிற பத்திரிகையை யாரும் மதிக்கமாட்டார்கள். அது இன்னும் என் மேஜைமேல்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.