ஷாஃப்ட் ஒடஞ்சா துண்டைத் தூக்கிப் போடாதீங்க: கேள்வி பதில்

மன்னார்குடி பக்கம் லேத் பட்டறை வச்சிருக்கேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. சம்பா அறுப்பு முடிஞ்சாலே ஒடஞ்ச சாமான் வரிசையா வந்து நிக்கும், கூடவே இந்தக் கேள்விங்களும். தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி (ரைஸ்மில்காரர், நீடாமங்கலம்): அண்ணே, மில்லு ஷாஃப்ட் நாலு வருஷமா நல்லா ஓடுச்சு, நேத்து திடீர்னு கீவே (கப்பியப் பூட்டுற சாவிக்கட்டைக்காக ஷாஃப்ட்ல வெட்டின காடி) கிட்ட ரெண்டா போயிடுச்சு. லோடு கூட அன்னைக்கு கம்மிதான். இரும்பு மட்டமா?

பதில்: திடீர்னுலாம் ஒடயல தம்பி, நாள்கணக்கா ஒடஞ்சுகிட்டே இருந்திருக்கு. இதுக்குப் பேரு உலோகச் சோர்வு, ஃபெடிக்னு சொல்வாங்க. ஒடஞ்ச மூஞ்சிய டீசல் விட்டு கழுவிட்டு வெயில்ல புடிச்சுப் பாருங்க, பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க. ஆத்துல தண்ணி வடியறப்ப மணல்ல கோடு கோடா விட்டுட்டுப் போகும்ல, அந்த மாதிரி வழவழன்னு வளைஞ்ச கோடு இருந்தா அது விரிசல் கொஞ்சம் கொஞ்சமா நகந்த தடம். அந்தக் கோடெல்லாம் எந்த மூலைய சுத்தி வளையுதோ அங்கதான் ஆரம்பம், உங்களுக்கு கீவே மூலையா இருக்கும் பாருங்க. மிச்சம் சொரசொரன்னு இருக்கறது கடைசியா ஒரே வெட்டுல போன எடம். அது சின்னதா இருந்தா லோடு கம்மிதான்னு நீங்க சொல்றது சரி.

பெல்ட் ஒரு பக்கமா இழுக்குது, ஷாஃப்ட் சுத்துது, அதனால ஒரே எடம் ஒரு தடவ இழுபடும், அரை சுத்துல அமுங்கும். நிமிஷத்துக்கு 700 சுத்துன்னா மணிக்கு 42,000 தடவ, கிட்டத்தட்ட 240 மணி நேரத்துல ஒரு கோடி. ஜெர்மனில வோலர்னு ஒருத்தர் 1850, 60கள்ல ரயில் அச்ச வச்சு இதத்தான் சோதிச்சாரு. இரும்புக்கு ஒரு எல்லை இருக்கு, அதுக்குக் கீழ லோடு இருந்தா எத்தன கோடி தடவ ஆட்டினாலும் தாங்கும், அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை தெளிவா கெடையாது. நாலு வருஷம் தாங்கினது இப்ப போச்சுன்னா நடுவுல ஏதோ மாறியிருக்கு. பெல்ட்ட இறுக்கினீங்களா? பேரிங் தேஞ்சுதா? ஷாஃப்ட்ல துரு புடிச்சு குழி விழுந்துச்சா? கீவே மூலைய உருட்டி ரேடியஸ் கொடுக்காம, ஈஎன்8க்கு (ஷாஃப்ட்டுக்கு வழக்கமா போடற ஸ்டீல்) பதிலா ஒசத்தி ஸ்டீல் மட்டும் போட்டா, அதே எடத்துல மறுபடி போகும்.

கேள்வி (டிராக்டர் ஓட்டுறவர், திருத்துறைப்பூண்டி): டிரெய்லர் கொக்கி வெல்டிங் வச்ச எடத்துக்குப் பக்கத்துலயே திரும்பத் திரும்ப விட்டுடுது சார். இன்னும் தடிமனா வச்சா நிக்குமா?

பதில்: நிக்காது. வெல்டிங் முடியற ஓரத்துலதான் விரிசல் பொறக்கும், அதுவும் ஆறும்போது சுருங்கி அந்த எடத்த எப்பவும் இழுத்துகிட்டே இருக்கும். மேல மேல அடுக்கினா உள்ள இருக்க பழைய விரிசல் அப்படியே தூங்கும், நெல்லு மூட்ட ஏத்துனதும் முழிச்சுக்கும். பிளேட் பாடின்னா விரிசல் முடியற நுனில மொதல்ல சின்ன ஓட்ட போட்டு, அப்புறம் விரிசல கிரைண்டர்ல முழுசா தோண்டி எடுத்துட்டு, வெல்டிங் வச்சு ஓரத்த வழவழப்பா தேய்ங்க. கொக்கின்னா பேரமே வேணாம், புதுசு மாத்துங்க. அறுப்பு நேரத்துல டிரெய்லர்ல ஆளுங்களயும் ஏத்திட்டுப் போறீங்க, எனக்குத் தெரியும்.

கேள்வி (நாகப்பட்டினம், போட்): எத்தன தடவ ஆட்டினாலும் தாங்கும்னு சொன்னீங்களே, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கும் அந்த எல்லை உண்டா?

பதில்: உப்புத் தண்ணில கெடையாதுங்க. துருவும் ஆட்டமும் சேந்தா சின்ன லோடுலயும் விரிசல் வளரும். ஸ்லீவ் (ஷாஃப்ட்டு மேல மாட்டுற குழாய்) ஓரம், கீவே, சீலுக்கு அடியில இருக்க குழி, இதப் பாருங்க.

கேள்வி (கும்பகோணம், மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம்): அண்ணா, சதுர ஜன்னலாலதான் காமெட்ங்கற பிரிட்டிஷ் பயணிகள் ஜெட் விமானம் விழுந்துச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை தம்பி. 1954ல ஜனவரில ஒண்ணு, ஏப்ரல்ல ஒண்ணு, ரெண்டும் இத்தாலி பக்கம் கடல்ல விழுந்துச்சு. ஒவ்வொரு தடவ மேல போயி எறங்கறப்பவும் விமானத்தோட உடம்பு பலூன் மாதிரி உப்பி அடங்கும், அதான் அங்க லோடு. ஆனா மொதல் விமானத்துல கிழிசல் ஆரம்பிச்சது பயணி உக்கார்ற ஜன்னல்ல இல்ல, கூரைல ஏரியலுக்கு (ரேடியோ ஆன்டெனா) வச்ச ஜன்னல் மூலைல, ஒரு ரிவெட் ஓட்ட கிட்ட. அது பறந்தது 1,290 தடவதான். மூலை, ஓட்ட, மெல்லிசு தகடு, மூணும் ஒரே எடத்துல. நம்ம கீவே கதையேதான்.

கேள்வி (பாபநாசம்): மெஷின் எதுவும் இல்லாம விரிசல கண்டுபுடிக்க வழி?

பதில்: கிரீஸ், பெயின்ட் சுத்தமா எடுத்துட்டு கெரசின் தடவி அரை மணி நேரம் ஊற விடுங்க. நல்லா தொடச்சிட்டு சாக்பீஸ் பொடிய ஸ்பிரிட்ல கொழச்சுப் பூசுங்க. காஞ்சதும் விரிசல் இருக்க எடத்துல கெரசின் கோடா ஊறி வரும். மேல வரைக்கும் வந்த விரிசல்தான் இதுல தெரியும், உள்ளயே இருக்கறதுக்கு அல்ட்ராசோனிக் (ஒலி அலை விட்டுப் பாக்குற மெஷின்) வச்சிருக்கவங்ககிட்டதான் போகணும். சொரசொரப்பான வெல்டிங் ஓரம், தூசி புடிச்ச கீறல் இதெல்லாம்கூட கோடா ஏமாத்தும், அதனால சந்தேகம்னா தொடச்சிட்டு மறுபடி ஒரு தடவ பூசிப் பாருங்க.