1:180 வந்திருக்கிறது, கலைத்துவிடலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 32 வயது, 13 வாரக் கர்ப்பம். டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையில், டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாட்டுக்கு ‘ஹை ரிஸ்க் 1:180’ என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. என் நாத்தனாருக்கு 1:1200 வந்தும் ‘லோ ரிஸ்க்’ என்றார்கள். 1200 பெரிய எண் இல்லையா? “இருக்கும், இல்லேன்னா இருக்காது. பாதிக்குப் பாதிதானே, கலைச்சிடலாமா?” என்கிறார் கணவர். இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

பதில்: இந்த ஒரு காகிதத்தை வைத்துக் கருவைக் கலைக்கும் முடிவுக்குப் போகாதீர்கள் அம்மா.

ஒரு கிண்ணத்தில் 179 பச்சைப்பயறு எண்ணிப் போடுங்கள். கூடவே ஒரு கறுப்பு உளுந்து. கலக்கிவிட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். பத்துத் தடவை எடுத்துப் பாருங்கள், உங்கள் கணவரையும் எடுக்கச் சொல்லுங்கள். 1:180 என்பது அந்தக் கிண்ணம்தான். இதே முடிவு வந்த 180 தாய்மார்களில் சுமார் 179 பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது. நாத்தனாரின் கிண்ணத்தில் 1200க்கு ஓர் உளுந்து. எண் கூடக் கூட ஆபத்து குறைகிறது. நன்றாகப் படித்தவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள், நீங்கள் குழம்பியதில் தவறே இல்லை.

விடை இரண்டுதான் என்பதால் இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று ஆகிவிடாது. கணவரிடம் கிண்ணத்தைக் காட்டியே சொல்லுங்கள்.

அப்புறம் அந்தச் சிவப்பு எழுத்து. பல லேப்களில் 1:250தான் கோடு. 1:249 வந்தால் சிவப்பு, 1:251 வந்தால் பச்சை. அந்த இரண்டு குழந்தைகளுக்கும் நடுவே சொல்லும்படியான வித்தியாசமே கிடையாது. மேற்கொண்டு யாரைப் பார்க்க வேண்டும் என்று பிரிக்கத்தான் அந்தக் கோடு. அதற்காக உங்கள் பரிசோதனை முடிவை ஒதுக்கிவிடவும் சொல்லமாட்டேன். 32 வயதில் பொதுவாக 700இல் ஒருவருக்கு என்ற அளவில்தான் இருக்கும், உங்களுக்கு அதைவிடக் கூடியிருக்கிறது.

அடுத்தது என்.ஐ.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை. செலவு அதிகம், ஆனால் இதைவிட மிகத் துல்லியம். அதுவும் உறுதியான விடை அல்ல. 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் ஆம்னியோசென்டெசிஸ் உறுதியாகச் சொல்லும். அதில் கரு கலையும் வாய்ப்பு 200இல் ஒன்றுக்கும் குறைவு.

இன்றே ஒன்று செய்யுங்கள். ரிப்போர்ட்டில் உங்கள் பிறந்த தேதி, எடை, ஸ்கேன்படி கர்ப்ப வாரம் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். தவறு இருந்தால் லேபில் சொல்லித் திருத்தி, மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.