சதை எடுத்துப் பார்க்க அழைத்திருக்கிறார்கள் என்று பயப்படும் தங்கச்சிக்கு

நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிற வேறு பெண்களும் இருப்பார்கள். காரைக்குடியிலிருந்து கணவரின் வேலைக்காக இங்கிலாந்து வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வயது 27. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைத்தார்கள், போய் வந்தாய். இப்போது எச்.பி.வி. என்ற, நாளாவட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கிருமி இருக்கிறது, செல்களில் மாற்றம் தெரிகிறது, கால்போஸ்கோப்பிக்கு (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பது) வரவும், தேவைப்பட்டால் பயாப்சி (சதை எடுத்துச் சோதிப்பது) எடுப்போம் என்று அடுத்த கடிதம். இது புற்றுநோயா, வலிக்குமா, பிள்ளை பெறுவதில் சிக்கல் வருமா, பேசாமல் மதுரைக்குப் போய்ச் செய்துகொள்ளலாமா?

கடைசிக் கேள்விக்கு என் பதில், வேண்டாம். மதுரையில் கைராசிக்காரர்கள் இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. முதல் பரிசோதனை முடிவு இங்கே இருக்கிறது, அடுத்தடுத்துக் கவனிக்க வேண்டியதும் இங்கேதான் நடக்கும். விசாவுக்குப் பணம் கட்டும்போது சுகாதாரக் கட்டணம் என்று ஒரு தொகை கட்டினீர்களே, அது இதற்கெல்லாம் சேர்த்துத்தான். மருத்துவமனையில் காசு கேட்க மாட்டார்கள். ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால், கல்யாணம், படைப்பு, அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று அங்கே ஒன்று மாற்றி ஒன்று வரும். இது அப்படியே நின்றுவிடும்.

உன் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் ‘சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்’ என்று வீட்டின் உள்பக்கம் இரண்டாங்கட்டில் குரலைத் தாழ்த்திப் பேசினால், பெரும்பாலும் உதிரப்போக்கும் வலியும் வந்து பல மாதம் மறைத்த பிறகுதான். இங்கே வரிசை தலைகீழ். குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்தாலே 25 முதல் 64 வயது வரையுள்ள பெண்களின் பட்டியலில் நீ சேர்ந்துவிடுகிறாய். ஒரு தொந்தரவும் இல்லாதவர்களைத்தான் அழைக்கிறார்கள். இந்தக் கிருமி தங்கிப்போய்ப் புற்றுநோயாக மாறுவதற்குச் சாதாரண எதிர்ப்புச் சக்தி உள்ள பெண்ணுக்கு 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த இடைவெளியில் பிடித்துவிடுவதற்கான ஏற்பாடு இது.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன நம் நகரத்தார் ஐயாக்கள் வட்டிக் கணக்கு முதல் தேக்குமரக் கணக்கு வரை எல்லாம் எழுதி வைத்தார்கள். கடல் கடந்த இடத்தில் பெண்ணின் உடம்புக்கு என்ன செய்வது என்று எழுதி வைக்க, அந்தக் கப்பல்களில் பெரும்பாலும் பெண்களே இல்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

கால்போஸ்கோப்பிக்கு முந்தைய ஒரு நாள் தாம்பத்திய உறவு, உள்ளே வைக்கும் மருந்து, டாம்பான் (மாதவிலக்குக்கு உள்ளே வைக்கும் பஞ்சு) எதுவும் வேண்டாம். மாதவிலக்கு நாளில் விழுந்தால் அல்லது கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தால் முன்பே போன் செய்து சொல். கர்ப்பத்திலும் பார்ப்பார்கள், சதை எடுப்பதை மட்டும் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் அதையும் அப்போதே கேள். இடுப்புக்குக் கீழேதான் உடையை நீக்க வேண்டும் என்பதால் சுரிதாரைவிட நீளப் பாவாடை வசதி. கண்டாங்கி கட்டிக்கொண்டு போனாலும் சரி, சுருட்டிக்கொண்டு படுத்துவிடலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், உனக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொள்.

கால்களைத் தாங்கி வைக்கும் நாற்காலி. முதல் பரிசோதனையில் வைத்த அதே ஸ்பெகுலத்தை, உள்ளே விரித்துப் பிடிக்கும் கருவியை, வைப்பார்கள். கால்போஸ்கோப் என்பது விளக்குள்ள பூதக்கண்ணாடிதான். உள்ளே நுழையாது, வெளியே நிற்கும். பிறகு கர்ப்பப்பை வாயில் அசெட்டிக் அமிலக் கரைசலைத் தடவுவார்கள், லேசாக எரியும். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். மாறுதல் உள்ள இடம் வெளுத்துக் காட்டும். சில சமயம் அயோடினும் தடவுவார்கள். இந்த வினிகர் முறையை இங்கிலாந்துச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதே. நமக்குப் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பூதக்கண்ணாடிகூட இல்லாமல் வினிகரைத் தடவி வெறும் கண்ணால் பார்த்தே இந்த நோயின் சாவுகளை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம் என்று காட்டிய ஆய்வு 2007இல் வெளியாகி, உலகமே அதைப் படித்தது.

வெளுத்த இடத்தில் சந்தேகம் இருந்தால் அரிசியளவு சதையைக் கிள்ளி எடுப்பார்கள். ஒரு சுருக், அடிவயிற்றில் மாதவிலக்கு போல ஒரு பிடிப்பு. எனக்கு அந்தக் கிள்ளலைவிட ஸ்பெகுலம்தான் தொந்தரவாக இருந்தது. சிலருக்கு நன்றாகவே வலிக்கிறது. அப்படி வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே. நிறுத்தச் சொல், மரத்துப்போக ஊசி கேள். பிரசவ வலியையே சத்தம் போடாமல் தாங்கினோம் என்று பெருமை பேசும் ஊரிலிருந்து வந்ததால் இதைச் சொல்கிறேன். எல்லாம் சேர்த்து 15, 20 நிமிடம்.

ரத்தம் நிற்க ஒரு மருந்து தடவுவார்கள். அதனால் சில நாட்கள் கறுப்பும் பழுப்புமாகப் படும், பயப்படாதே. பேடு எடுத்துக்கொண்டு போ. ஐந்து நாள்வரை உறவும் டாம்பானும் வேண்டாம். மாதவிலக்கைவிட அதிகமாக உதிரம் போனாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ வந்தாலோ உடனே போன் செய்.

நீ எழுதத் தயங்கி, அரைவரியில் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கிருமி உறவின் வழியாக வருவது, அப்படியானால் அவர்... என்று நிறுத்தியிருக்கிறாய். தாம்பத்திய வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒருமுறை இது வந்து, அவர்களுக்கே தெரியாமல் போய்விடுகிறது. பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்தும் பிறகு தெரிய வரலாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. இந்தத் தாளை வைத்து அவரையும் விசாரிக்க முடியாது, அவர் உன்னையும் விசாரிக்க முடியாது. அவரிடம் இதைச் சொல்லிக் கூடவே கூட்டிப் போ. ஆனால் மொழிபெயர்க்க அவரை வைத்துக்கொள்ளாதே. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் மருத்துவமனையே காசில்லாமல் ஏற்பாடு செய்யும்.

முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம், எத்தனை என்று அன்றே கேட்டு வைத்துக்கொள். சி.ஐ.என். 1, 2, 3 என்று போட்டிருக்கும். 3 என்றால் மூன்றாம் கட்டப் புற்றுநோய் இல்லை, புற்றுநோயே இல்லை. மேல்தோலில் எவ்வளவு ஆழத்துக்கு மாற்றம் என்பதற்கான எண் அது. 1 பெரும்பாலும் தானே சரியாகிவிடும். 3 வந்தால் அந்த இடத்தை நீக்குவார்கள். கிள்ளி எடுப்பதால் பிள்ளைப்பேற்றுக்கு ஒன்றும் வராது. நீக்கும் சிகிச்சைக்குப் பிறகு குறைமாதப் பிரசவ வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்பதால், பிள்ளை பெற நினைக்கிறாய் என்பதை முன்பே சொல்லிவிடு. சில இடங்களில் பார்த்த அன்றே சிகிச்சையும் செய்துவிடலாம் என்பார்கள். யோசிக்க வேண்டுமென்றால், இன்று சதை மட்டும் எடுங்கள் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு.

மாமியாரிடம் சொல்லலாமா என்று கேட்டாய். கல்யாணமானதும் உங்களைத் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, எழுதிவிட்டார்கள் அல்லவா? இது உங்கள் புள்ளிக் கணக்கு, யாரிடம் சொல்வது என்று நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். உன் ஆத்தாவிடம் பேசுகிறாய் என்றால், அவர் எப்போது பரிசோதித்துக்கொண்டார் என்று கேள். நம் ஊர் அரசு மருத்துவமனையிலும் 30 வயதுக்கு மேல் பார்க்கிறார்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. புதிதாக வந்தவர்கள் அடிக்கடி வீடு மாறுவீர்கள். முடிவும் அடுத்த அழைப்பும் தபாலில் வரலாம். மாறினால் புது விலாசத்தைக் குடும்ப மருத்துவரிடமும் கால்போஸ்கோப்பிப் பிரிவிலும் கொடு. அவர்கள் சொன்ன காலம் தாண்டியும் ஒன்றும் வரவில்லையென்றால் நீயே போன் செய்து கேள்.