டீச்சரிடம் கேளுங்கள்: இந்த இதழ் முழுக்க லிங்கன்

போரில் வென்ற தலைவர்களின் உரைகளில் எனக்குப் பிடித்தது எது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச் மாதம், ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறை ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது பேசியது என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அந்த வரிக்காகக் கல்லடி தபாற்காரர் என் வீட்டுக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் சுமக்க வேண்டியதாயிற்று. பாதிப்பேர் சண்டைக்கே வந்திருக்கிறீர்கள். வாருங்கள்.

கேள்வி: அடிமைகளை விடுவிப்பதற்காகவே லிங்கன் போர் தொடுத்தார் என்று ரியூசன் நோட்ஸில் இருக்கிறது. சரியா டீச்சர்?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: இல்லை மகள். முடிவில் நடந்ததைத் தொடக்கத்திலேயே நடந்ததாக எழுதியிருக்கிறார்கள். 1860இல் லிங்கன் வென்றது ஏறக்குறைய 40 வீத வாக்குகளால். அவர் பதவியேற்பதற்கு முன்னரே தெற்கில் ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன. பிரிந்தது அடிமை முறையைக் காப்பாற்றத்தான். மிசிசிப்பி தன் பிரிவினை அறிக்கையிலேயே அதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறது. ஆனால் லிங்கன் படை திரட்டியது நாடு உடையாமல் இருப்பதற்காக. 1862 ஆகஸ்டில் பத்திரிகை ஆசிரியர் ஹொரஸ் கிறீலிக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அப்படிச் செய்வேன், எல்லோரையும் விடுவித்துத்தான் காப்பாற்ற முடியுமென்றால் அப்படியும் செய்வேன் என்கிறார்.

இதைக் காட்டி "ஆள் வெறும் வேஷக்காரன்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கடிதம் போவதற்கு ஒரு மாதம் முன்பே விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவைக்கு வாசித்துக் காட்டிவிட்டார் என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள். ஒரு வெற்றிக்காகக் காத்திருந்தார். செப்டெம்பர் 17இல் அன்டீற்றம் சண்டை முடிந்தது. 22இல் முதல் அறிவிப்பு வந்தது. 1863 ஜனவரி 1 முதல் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. அதிலும் ஒரு கணக்கு இருந்தது. கிளர்ச்சி செய்த பகுதிகளின் அடிமைகளுக்கு மட்டுமே விடுதலை. தன் பக்கம் நின்ற கென்ரக்கி, மிசூரி, மேரிலன்ட், டெலவெயர் மாநிலங்களின் அடிமைகளைத் தொடவில்லை.

ஆனாலும் அந்தத் தாளோடு கறுப்பின மக்களுக்குப் படையின் கதவு திறந்தது. ஏறக்குறைய 180,000 பேர் சீருடை அணிந்தார்கள். 1864 ஆகஸ்டில், தேர்தலில் தோற்கப்போகிறீர்கள், விடுதலைப் பேச்சை விடுங்கள் என்று சொந்தக் கட்சிக்காரரே நெருக்கியபோது அவர் முன்வைத்த காலைப் பின்வைக்கவில்லை. அடிமை முறையை முழுதாக ஒழித்த 13ஆவது திருத்தம் 1865 ஜனவரி 31இல் காங்கிரஸில் நிறைவேறியது. மெதுவான மனிதர்தான். பரீட்சையில் தொடக்கம், முடிவு இரண்டையும் எழுதுங்கள். புள்ளி குறைத்தால் எனக்கு அறிவியுங்கள்.

கேள்வி: பள்ளிக்கூடத்தில் ஆங்கில தினப் போட்டிக்காக கெற்றிஸ்பேர்க் உரையை மனனம் செய்தவன் நான். இப்போது வாசித்தால், இரண்டு நிமிடப் பேச்சுக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம் என்று தோன்றுகிறது.
– ஓய்வுபெற்ற தபால் அதிபர், அக்கரைப்பற்று

பதில்: ஐயா, கெற்றிஸ்பேர்க் போர் மயானத்தைத் திறந்துவைத்த அன்று பிரதான பேச்சாளர் லிங்கன் அல்ல. எட்வர்ட் எவரெட் என்ற பெரும் நாவலர் இரண்டு மணித்தியாலம் பேசி முடித்த பிறகுதான் இவர் எழும்பினார். சுமார் 270 சொற்கள். உங்கள் இரண்டு நிமிடத்துக்கு அருகில் என் இரண்டு மணித்தியாலம் வந்திருந்தால் சந்தோஷப்படுவேன் என்று மறுநாள் எவரெட்தான் எழுதினார். ரயிலில் கடித உறையின் முதுகில் கிறுக்கிய உரை என்ற கதையை நம்பவேண்டாம். கவனமாக வரைந்து திருத்திய எழுத்து அது.

அந்த உரையில் என்ன இல்லை என்று பாருங்கள். ஒரு தளபதியின் பெயர் இல்லை. கெற்றிஸ்பேர்க் என்ற ஊர்ப்பெயரே இல்லை. எதிரியைத் திட்டும் ஒரு சொல் இல்லை. 1863 ஜூலையில் மூன்றே நாளில் ஏறக்குறைய 50,000 பேர் செத்தும் காயப்பட்டும் காணாமலும் போன இடம். அங்கே நாலு மாதம் கழித்து நின்றுகொண்டு ஒருவர் எதிரியைத் திட்டாமல் பேசுகிறார். நம்முடைய மேடைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதுவே பெரிய விஷயம்.

ஆனால் உங்களுக்கு யாரும் மனனம் செய்யத் தராத பகுதி ஒன்று உண்டு. அன்று திறந்துவைத்த மயானம் வென்ற பக்கத்தாருக்கு மட்டும். தெற்கின் பிள்ளைகள் வயலோரக் குழிகளில் விட்ட இடத்திலேயே கிடந்தார்கள். 1870களின் தொடக்கத்தில்தான், தெற்கத்திப் பெண்கள் சங்கம் வைத்துப் பணம் சேர்த்து, ஆயிரக்கணக்கான எலும்புகளை றிச்மன்ட் போன்ற ஊர்களுக்கு எடுத்துப்போய் அடக்கம் செய்தார்கள். யாரும் தடுக்கவில்லை. தரவை, மாவடிமுன்மாரித் துயிலுமில்லங்களைத் தெரிந்த வாசகர்களுக்கு இதற்குமேல் நான் விளக்கவேண்டியதில்லை.

கேள்வி: விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்தவரைப் பெரிய ஜனநாயகவாதி என்கிறீர்கள். எங்கட ஆட்களுக்கு வந்தால் அது சட்டம், அவர் செய்தால் சரித்திரமா டீச்சர்?
– புடவை வியாபாரி, காத்தான்குடி

பதில்: நல்ல அடி நானா. வாங்கிக்கொள்கிறேன். 1861 ஏப்ரல் 27இல் லிங்கன் ஆட்கொணர்வு மனு உரிமையை ரயில் பாதையோரப் பகுதிகளில் நிறுத்திவைத்தார். மேரிலன்டில் மெரிமன் என்பவரைப் படையினர் பிடித்து அடைத்தபோது, அந்த அதிகாரம் காங்கிரஸுக்கே உண்டு, ஜனாதிபதிக்கு இல்லை என்று பிரதம நீதியரசர் ரோஜர் ரேனி எழுதினார். லிங்கன் அதைக் கணக்கெடுக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் உள்ளே போனார்கள். 1864இல் பொய்யான அறிவித்தல் ஒன்றை அச்சிட்டதற்காக நியூயோர்க்கில் இரண்டு பத்திரிகைகளைப் பூட்டச் சொன்னதும் அவரே. சில நாளில் திறந்துவிட்டார். இதற்கெல்லாம் நான் வக்கீலாக நிற்கமாட்டேன்.

ஒன்றை மட்டும் பக்கத்தில் வையுங்கள். 1863இல் காங்கிரஸ் கொடுத்த அதிகாரம் கிளர்ச்சி நீடிக்கும் வரைக்கும்தான். போர் முடிந்த அடுத்த வருடமே, சிவில் நீதிமன்றம் இயங்கும் இடத்தில் பொதுமக்களை இராணுவ நீதிமன்றத்தில் விசாரிப்பது பிழை என்று மில்லிகன் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்முடைய பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிக ஏற்பாடு என்ற பெயரோடு வந்தது. 1982இல் நிரந்தரமானது. பெயரில் இன்னும் தற்காலிகம் இருக்கிறது. அதோடு, உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோதே லிங்கன் தேர்தல் வைத்தார், தான் பதவி நீக்கிய தளபதி மக்கிளெலனுக்கு எதிராக. தோற்றால் புதியவருக்கு ஒத்துழைக்கவேண்டும் என்று எழுதி, உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாமலே அமைச்சர்களிடம் கையொப்பமும் வாங்கி வைத்திருந்தார். நம் பக்கத்துத் தலைவர்கள் தேர்தல்களை ஒத்திப்போட்டதை நான் பட்டியலிடத் தொடங்கினால் ஆசிரியர் பக்கம் போதாது என்பார்.

கேள்வி: "எவர்மீதும் வன்மமில்லாமல்" என்று வென்றவன் சொல்வது சுலபம். தோற்ற வீட்டில் இருந்து கேட்டால் அது எப்படி இருக்கும்?
– பெயர் வேண்டாம், திருக்கோவில்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் மற்றப் பக்கங்களை நான் இங்கே போடவில்லை. இந்த ஒரு வரிக்கு மட்டும் பதில்.

1865 மார்ச் 4. வெற்றி கைக்கெட்டிய தூரத்தில். கூட்டம் வெற்றி முழக்கம் கேட்க வந்திருந்தது. லிங்கன் 700 சொற்களளவில் பேசினார். இரு தரப்பும் ஒரே வேதாகமத்தை வாசிக்கிறது, ஒரே கடவுளைக் கும்பிடுகிறது, ஒருவருக்கெதிராக மற்றவர் அவருடைய துணையைக் கேட்கிறார் என்றார். இந்தப் போர் அடிமை முறை என்ற பாவத்துக்காக வடக்குக்கும் தெற்குக்கும் சேர்த்து வந்த தண்டனை என்றார். தெற்கின் பாவம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கடைசியில், நீங்கள் சொன்ன அந்த "எவர்மீதும் வன்மமில்லாமல்" என்ற வரியோடு, போரைச் சுமந்தவனையும் அவன் விதவையையும் அநாதைப் பிள்ளையையும் பராமரிப்போம் என்றார். அடிமையாகப் பிறந்து பெரும் பேச்சாளராக உயர்ந்த பிரெடெரிக் டக்ளஸை அன்று மாலை வெள்ளை மாளிகை வாசலில் பொலிசார் மறித்தார்கள். உள்ளே வந்ததும் லிங்கன் அவரைத் தேடிப்பிடித்து, உரை எப்படி என்று கேட்டார். புனிதமான முயற்சி என்றார் டக்ளஸ்.

சொல்லோடு நிற்கவுமில்லை. ஏப்ரல் 9இல் தளபதி லீ சரணடைந்தபோது, அவருடைய வீரர்கள் வீடு போகலாம், உழுவதற்குக் குதிரையையும் கொண்டுபோகலாம் என்று விட்டார்கள். பட்டினியாய்க் கிடந்தவர்களுக்குச் சாப்பாடும் கொடுத்தார்கள். வெற்றி வேட்டு போடத் தொடங்கிய தன் படையைத் தளபதி கிராண்ட் நிறுத்தினார். மறுநாள் கொண்டாட வந்த கூட்டத்துக்கு முன்னால் லிங்கன் வாத்தியக்காரரைப் பார்த்துத் தெற்கத்தியரின் பாட்டை வாசிக்கச் சொன்னார். 2009 மே 19இல் நம் பாராளுமன்ற உரையிலும் தமிழில் சில வரிகள் பேசப்பட்டன. அதே வாரம் தெருவில் பாற்சோறும் கிண்டினார்கள். நீங்கள் இரண்டையும் பார்த்தவர்.

ஆனாலும் தோற்ற வீடு என்று நீங்கள் கேட்டதை நான் இன்னொரு வீட்டுக்கும் கொண்டுபோகவேண்டும். லிங்கன் ஏப்ரல் 11இல் பேசிய கடைசி உரையில், படித்த கறுப்பினத்தவருக்கும் போரிட்டவர்களுக்கும் வாக்குரிமை கொடுக்கலாம் என்றார். கூட்டத்தில் நின்று கேட்ட ஜோன் வில்க்ஸ் பூத் மூன்றாம் நாள் அவரைச் சுட்டான். அடுத்து வந்த அன்ட்ரூ ஜோன்சன் பழைய எசமானருக்கு மன்னிப்பை வாரி வழங்கினார். விடுதலையானவர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்த கரையோரக் காணியைப் பறித்துத் திரும்ப அந்த எசமானரிடமே கொடுத்தார். பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை: வயற்காரப் போடியாரிடம் முற்பணம் வாங்கி வேளாண்மை செய்து, சூடு மிதித்த களத்திலேயே கணக்குத் தீர்ந்து வெறுங்கையோடு வீடு வரும் பிழைப்பு. 1877க்குப் பிறகு தெற்கில் அவர்களைக் காக்கப் படையும் இல்லை. வெள்ளையர் வெள்ளையரோடு சமாதானமானார்கள். அதன் செலவைக் கறுப்பின மக்கள் கட்டினார்கள். அந்தப் பேச்சை நான் இன்றைக்கும் உயர்த்தித்தான் வைப்பேன். அதன் பெயரால் பின்னால் வந்தவர்கள் செய்ததை அல்ல.

கேள்வி: புனித மிக்கேல் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்த அமெரிக்கப் பாதர்மார் லிங்கனைப் பற்றி வாயே திறக்கவில்லையே?
– பழைய மாணவர், புளியந்தீவு

பதில்: திறப்பார்களா! மட்டக்களப்புக்கு வந்தவர்கள் நியூ ஓர்லியன்ஸ் மாகாண யேசு சபையினர். அந்த ஊர் இருக்கும் லூசியானா 1861 ஜனவரியிலேயே பிரிந்துபோன மாநிலம். நீங்கள் பந்து அடித்த வெபர் மைதானத்தின் வெபர் பாதரும், கூடைப்பந்து பழக்கி, 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில் காணாமற்போன ஹேபர்ட் பாதரும் அந்த மாகாணத்தார்தான்.

நியூ ஓர்லியன்ஸில் தோற்ற தளபதி லீக்கு 1884இல் உயரமான தூணில் சிலை வைத்தார்கள். தோற்றவருக்குச் சிலை வைக்க விட்டார்களே என்று முதலில் கேட்டபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன், அந்தத் தூணின் கீழே நடந்துபோன கறுப்பினப் பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்கள்? 2017இல் இறக்கினார்கள். இழந்தவருக்கு அழ இடம் கொடுப்பது வேறு, அவர்களால் அடிபட்டவரின் தலைக்குமேல் தூண் நடுவது வேறு. நம்முடைய பக்கத்தால் அடிபட்டவர்கள் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். கோபித்துக் கடிதம் எழுதுபவர்கள் பெயரும் ஊரும் போட்டு எழுதுங்கள்.

கேள்வி: லிங்கனா, ரூஸ்வெல்ட்டா? யார் பெரிய போர்க்கால ஜனாதிபதி?
– மீன்பிடித் திணைக்கள ஊழியர், வாழைச்சேனை

பதில்: நிர்வாகத்தில் ரூஸ்வெல்ட். வானொலியில் வீட்டுக்குள் வந்து பேசுவதுபோல் பேசத் தெரிந்தவர். ஆனால் 1942 பெப்ரவரி 19இல் அவர் போட்ட ஒரு கையொப்பத்தில் சுமார் 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாமுக்குப் போனார்கள். பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். 1988இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டொலர் கொடுத்தது. அந்தக் கையொப்பம் காய்ந்து ஏழு வாரத்தில், ஏப்ரல் 9இல், நம் கடலில் ஜப்பானிய விமானங்கள் பிரித்தானியரின் ஹேர்மிஸ் போர்க்கப்பலைத் தாழ்த்தின. உங்கள் ஊர் வலைகாரரைக் கேட்டால் இடத்தைச் சொல்வார்கள்.

கேள்வி: லிங்கன் ஏன் தாடி வைத்தார்?
– எட்டாம் வகுப்பு மாணவன், சம்மாந்துறை

பதில்: 1860 ஒக்டோபரில் கிரேஸ் பெடெல் என்ற 11 வயதுச் சிறுமி, உங்கள் முகம் மிகவும் மெலிந்திருக்கிறது, தாடி விட்டால் அழகாயிருக்கும் என்று கடிதம் போட்டாள். அவர் பதில் எழுதினார், தாடியும் விட்டார். அடுத்த பெப்ரவரியில் அவளுடைய ஊர் வழியாக ரயில் போனபோது இறங்கிப் பார்த்துக் காட்டிவிட்டும் போனார். நீங்களும் நம் ஜனாதிபதிக்கு எழுதிப் பாருங்கள் மகன். பதில் வந்தால் எனக்கு ஒரு போட்டோக் கொப்பி அனுப்புங்கள்.