மச்சானுக்கு கேமிங் பிசி, இஎம்ஐ மட்டும் என் பேரில்: போடலாமா?

கேள்வி: சொந்த ஊர் பாலக்கோடு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, பிடித்தம் போக கைக்கு 34,000 ரூபாய். மனைவி, மூன்று வயது மகள், வாடகை 6,500. மனைவியின் தம்பி காரிமங்கலத்தில் இருக்கிறான். பிசிஏ முடித்துவிட்டு ஒரு ஸ்டுடியோவில் 9,000 சம்பளத்துக்கு கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். கேமிங் பிசி அசெம்பிள் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு பெங்களூர் நிறுவனத்தில் மானிட்டரோடு 1,75,000 ரூபாய்க்கு கொட்டேஷன் வாங்கியிருக்கிறான். ரைசன் 7 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 5070 கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம், லிக்விட் கூலர், கண்ணாடி கேபினெட் எல்லாம் சேர்த்து. யூடியூபில் கேமிங் லைவ் போடப்போகிறானாம். "உங்க கிரெடிட் கார்டுல 12 மாச நோ-காஸ்ட் இஎம்ஐ போட்டுக் குடுங்க மாமா, மாசாமாசம் நானே கட்டிடறேன்" என்கிறான். கார்டு லிமிட் 2 லட்சம். ஏற்கெனவே சகலைக்காக என் பெயரில் பைக் லோன் (மாதம் 3,900), தங்கைக்காக போன் இஎம்ஐ (2,100) ஓடுகிறது. சகலை இரண்டு முறை பணம் தராமல் நானே கட்டினேன், அதில் ஒருமுறை கார்டில் கேஷ் எடுத்து. இன்னும் இரண்டு வருடத்தில் அப்பா கொடுத்த 3 சென்ட்டில் வீடு கட்ட லோன் போட வேண்டும். முடியாது என்றால் மாமியார் வீட்டில் பேச்சு வரும். ராத்திரி தூக்கம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: நீங்கள் கேட்டது கம்ப்யூட்டரைப் பற்றி. நான் முதலில் சகலையின் பைக்கைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உங்களுக்கென்று நீங்கள் வாங்கிய கடன் ஒன்றுகூட கடிதத்தில் இல்லை. 34,000 சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு சொந்தக் கடன் இல்லாமல் இருப்பது பெரிய விஷயம், அதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் பேங்க் கம்ப்யூட்டரில் நீங்கள் மாதம் 6,000 ரூபாய் தவணை கட்டும் கடன்காரர். பைக்கை ஓட்டுவது யார், போனில் பேசுவது யார் என்று அது பார்க்காது. உங்களிடம் இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் இதுதான்: பணத்தைக் கொடுக்காமல் பெயரைக் கொடுக்கிறீர்கள். கையில் இருந்து எதுவும் போகாததால் உதவி செய்தது போலவும் இருக்கிறது, செலவு இல்லாதது போலவும் இருக்கிறது. செலவு எவ்வளவு என்று உங்கள் வீட்டுக் கனவை வைத்தே போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் சம்பளத்துக்கு எல்லாத் தவணையும் சேர்ந்து பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டுதான் பெரும்பாலான பேங்குகள் வீட்டுக் கடன் கொடுக்கும். பாதி என்றால் 17,000. வட்டி எட்டரை சதவீதம், 20 வருடம் என்று வைத்தால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். ஆக, வேறு கடனே இல்லாவிட்டால் உங்களுக்கு 19 லட்சத்துக்கு மேல் கிடைக்க வாய்ப்பு உண்டு. பைக்கும் போனும் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால் மிச்சம் 11,000 தவணைக்குத்தான் இடம், அதாவது பன்னிரண்டரை லட்சம் சொச்சம். சகலைக்கும் தங்கைக்கும் செய்த 6,000 ரூபாய் உபகாரம் வீட்டுக் கடனில் கிட்டத்தட்ட 7 லட்சத்தைச் சாப்பிடுகிறது! 3 சென்ட்டில் கட்டுகிறவருக்கு 7 லட்சம் என்பது மேல்தளம் போடுவதா வேண்டாமா என்கிற அளவு வித்தியாசம்.

இப்போது இதன் மேல் பிசியை ஏற்றுங்கள். 1,75,000 வகுத்தல் 12, மாதம் 14,583. பைக், போனோடு சேர்த்தால் 20,583. சம்பளத்தில் அறுபது சதவீதம் போய்விட்டது. அந்த 12 மாதத்துக்குள் வீட்டு லோன் கேட்டுப் போனால் உங்கள் ஃபைலை யாரும் எடுக்கவே மாட்டார்கள். 2 லட்சம் லிமிட் உள்ள கார்டில் 1,75,000 அடைத்துக்கொள்வதால், மகளுக்கு உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் கார்டில் 25,000தான் மிச்சம். லிமிட்டில் பெரும்பகுதியை எப்போதும் பயன்படுத்திக்கொண்டே இருந்தால் கடனை எப்படிக் கையாளுகிறீர்கள் என்று பேங்குக்குக் காட்டும் சிபில் ஸ்கோரும் இறங்கும்.

அவன் கட்டுவான் என்கிறீர்கள். அவன் சம்பளம் 9,000, தவணை 14,583. இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பையன் நல்லவனாகவே இருக்கட்டும், நாணயமானவனாகவே இருக்கட்டும், இல்லாத 5,583 ரூபாயை மாதாமாதம் எங்கிருந்து கொண்டுவருவான்? யூடியூபில் இருந்து என்பான். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்ட கணக்கும் வேண்டும் (ஷார்ட்ஸ் போடுகிறவர்களுக்கு வேறு கணக்கு). அதைத் தாண்டினாலும் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். முதல் தவணையோ அடுத்த மாதமே வந்து நிற்கும். லைவ் போடுவது கெட்ட தொழில் என்று நான் சொல்லவில்லை, கடன் வாங்கி ஆரம்பிக்கிற தொழில் அது இல்லை, அவ்வளவுதான்.

நோ-காஸ்ட் இஎம்ஐ பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. வட்டியே இல்லை என்று சொல்லி கார்டில் தவணை போடும் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013லேயே கண்டித்து நிறுத்தச் சொன்னது. இப்போது நடப்பது என்னவென்றால், பேங்க் வழக்கம்போல வட்டி போடுகிறது, அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி கொடுக்கிறார். ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்தால் உங்கள் கணக்கில் வட்டி சுமார் 13,400 வரும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறக்குறைய 2,400 ரூபாய், அது உங்கள் தலையில். ப்ராசஸிங் ஃபீஸ் தனி. அந்த 13,400 தள்ளுபடியை இஎம்ஐ போடாதவருக்கும் கொடுப்பீர்களா, மொத்தப் பணத்தையும் பேங்க் டிரான்ஸ்ஃபரில் அனுப்பினால் என்ன விலை என்று அந்த நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள். குறைத்துச் சொன்னால் செலவு எங்கே ஒளிந்திருந்தது என்று தெரிந்துவிடும்.

அதோடு, இது பைக் லோன் மாதிரி இல்லை. கார்டு பில்லில் ஒரு மாதம் முழுத் தொகை கட்டாமல் விட்டால், பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் அளவுக்கு வட்டி, லேட் ஃபீ, அதற்கெல்லாம் ஜிஎஸ்டி. அதைவிட மோசம், பாக்கி நிற்கும்வரை நீங்கள் அதே கார்டில் வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். கார்டில் கேஷ் எடுத்து சகலையின் தவணையைக் கட்டினீர்களே, அதிலும் இதே கதைதான், எடுத்த நிமிடத்தில் இருந்து வட்டி, எடுத்ததற்கு ஒரு கட்டணம். இன்னொரு முறை அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

சரி, பையனின் ஆசைக்கு வருகிறேன். அவன் எடிட்டிங் தெரிந்தவன், அவனுக்கு நல்ல மெஷின் தேவை என்பதில் நியாயம் இருக்கிறது. அசெம்பிள் செய்து தரும் நிறுவனங்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று பார்த்து, மாட்டி, மணிக்கணக்கில் ஓடவிட்டுச் சோதித்து, பழுது வந்தால் ஒரே இடத்தில் கேட்கும்படி கொடுக்கிறார்கள், அதற்கு வாங்கும் கூலி சரியான கூலிதான். ஆனால் இந்தக் கொட்டேஷனில் வேலைக்கானதும் வேடிக்கைக்கானதும் கலந்து கிடக்கிறது. கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு ரேமும் வேகமான எஸ்எஸ்டியும் முக்கியம், கிராஃபிக்ஸ் கார்டு உதவும், அது 5070 ஆகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஃபுல் எச்டி மானிட்டரில் கேம் ஆட 5060 வகைக் கார்டே போதும். ரைசன் 7க்குப் பதில் ரைசன் 5, லிக்விட் கூலருக்குப் பதில் சாதாரண ஏர் கூலர், கண்ணாடி கேபினெட்டும் கலர் கலராக எரியும் ஃபேன்களும் வேண்டாம் என்றாலே என் கணக்கில் 40,000 வரை இறங்கும். குறைக்கக் கூடாத ஒரே சாமான் பவர் சப்ளை. அதில் மட்டும் மட்டமானதைப் போட்டால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கரண்ட் ஏறி இறங்கும் இடம் என்றால் ஒரு யுபிஎஸ்ஸும் கணக்கில் சேர வேண்டும். கொட்டேஷனில் அது இருக்கிறதா? நீங்கள் எழுதிய பட்டியலில் காணோம்.

அசெம்பிள் பிசியின் பெரிய வசதியே மொத்தமாக வாங்க வேண்டியதில்லை என்பதுதான். கட்டடத்துக்கு முதலில் அஸ்திவாரமும் கீழ்த்தளமும் போட்டு, கம்பியை வெளியே விட்டு வைப்போம் இல்லையா, அதே மாதிரி. கிராஃபிக்ஸ் உள்ளேயே அடங்கிய ரைசன் ஜி வகை ப்ராசஸர், நல்ல மதர்போர்டு, பிறகு கிராஃபிக்ஸ் கார்டு போட்டாலும் தாங்கும் 650 வாட் பவர் சப்ளை, வீட்டில் இருக்கும் டிவியே மானிட்டர். இப்படி ஆரம்பித்தால் 70,000, 80,000க்குள் எடிட்டிங் வேலை செய்யும் மெஷின் வரும். கார்டை அடுத்த வருடம் போடட்டும். "இப்பவே புக் பண்ணுங்க, ரேம் விலை ஏறுது" என்று அவசரப்படுத்துவார்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை ஏறியது உண்மை. அதற்கும் வழி இருக்கிறது, 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்கி, இன்னொன்றைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் வேகம் குறையும், கடன் வராது.

பணம்? அம்மா வீட்டில் சாப்பாடு, வாடகை இல்லை. 9,000த்தில் 5,000ஐ எட்டு மாதம் பேங்க் ஆர்டியில் (மாதாந்திர சேமிப்பு) போட்டால் 40,000. நீங்கள் 15,000 கொடுங்கள், சும்மா கொடுங்கள், திரும்பக் கேட்காதீர்கள், மாமா என்ற முறைக்கு அது நிறைவான சீர். மிச்சம் 20,000, 25,000 ரூபாயை அவன் தன் பெயரில் சின்ன கடனாக எடுக்கட்டும், ஆறேழு மாதத்தில் கட்டட்டும். ஒழுங்காகக் கட்டினால் அவனுக்கென்று ஒரு ஸ்கோர் உருவாகும், நாளைக்கு அவன் ஸ்டுடியோ வைக்கும்போது அது பயன்படும். எட்டு மாதம் 5,000 சேர்க்க அவனால் முடியவில்லை என்றால், 12 மாதம் 14,583 கட்ட எப்படி முடிந்திருக்கும் என்ற கேள்விக்கு அவனே பதில் சொல்லிவிடுவான்.

வாங்கும்போது பில் அவன் பெயரில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பாகமும் சீரியல் நம்பரோடு தனித்தனியாக அதில் வர வேண்டும், காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்க வேண்டும். கார்டுக்கு ஒரு வாரண்டி, பவர் சப்ளைக்கு ஒன்று, அசெம்பிள் செய்தவருக்கு ஒன்று என்று காலம் வேறு வேறாக இருக்கும். ஆர்டர் கொடுத்தபின் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள். ஓசூரில் இருந்து பெங்களூர் ஒரு பஸ் தூரம், கூரியரில் உருட்டவிடாமல் நேரில் போய் ஓடவிட்டுப் பார்த்து எடுத்து வரலாம். அப்படியே அங்கே கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோடு கடைகளில் அதே பாகங்களின் விலையையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்குப் பெரிய பயம். முதலில் மச்சானிடமோ மாமியாரிடமோ பேசாதீர்கள், உங்கள் மனைவியிடம் பேசுங்கள். அவர் தம்பி, அவர் வீடு, இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் அவர். மேலே போட்ட 19 லட்சம், பன்னிரண்டரை லட்சம் கணக்கை அவரிடம் காட்டுங்கள். கார்டு தொலைந்துவிட்டது, லிமிட் குறைத்துவிட்டார்கள் என்று பொய் சொல்ல வேண்டாம். அடுத்த முறை வேறு ஒருவர் வந்து கேட்பார், அப்போது வேறு பொய் தேட வேண்டும். "வீட்டு லோன் போடுற வரைக்கும் என் பேர்ல யாருக்கும் எதுவும் எடுக்கறதில்லைனு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம், இந்தா 15,000, இது உனக்கு" என்று சொல்லுங்கள். கையில் பணத்தோடு சொல்லும் மறுப்பு கசக்காது. கசந்தாலும் இரண்டு மாதம் கசக்கும். அவன் கட்டாத தவணைக்கு வசூல்காரர் உங்கள் வீட்டு வாசலில் நிற்பதைவிட அது பரவாயில்லை.

தங்கையின் போன் சின்னத் தொகை, தொந்தரவும் இல்லை, முடியும்வரை ஓடட்டும். சகலையின் பைக்கை மட்டும் விடாதீர்கள். தவணைத் தேதிக்கு ஐந்து நாள் முன்பே அவர் கணக்கில் இருந்து உங்கள் கணக்குக்குப் பணம் தானாக வரும்படி பேங்கில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போடச் சொல்லுங்கள். அடுத்த போனஸில் லோனை முடிக்கச் சொல்லி, ஆர்சியை (வண்டியின் பதிவுச் சான்று) அவர் பெயருக்கு மாற்றுங்கள். ஆர்சி இன்று உங்கள் பெயரில்தான் இருக்கும். இன்சூரன்ஸ் காலாவதியான நிலையில் அந்த பைக் யார் மீதாவது மோதினால், நஷ்டஈட்டு வழக்கு ஆர்சியில் பெயர் உள்ள உரிமையாளர் மீதும் வரும், ஓட்டியது யாராக இருந்தாலும். ஆகவே இன்றைக்கே அவருக்கு போன் போட்டு இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். அப்புறம் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். சகலை தவறவிட்ட அந்த இரண்டு மாதங்களில் நீங்கள் கட்டிய பணம் தேதிக்குள் போய்ச் சேர்ந்ததா, தாமதம் என்று பதிவாகிவிட்டதா என்பது அதில் மாதவாரியாகத் தெரியும். தாமதம் என்று இருந்தால் இனி இரண்டு வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டு லோனுக்குப் போகும்போது பேங்கில் கடைசி 24 மாதங்களைத்தான் அதிகம் கிளறுவார்கள்.